சுருக்குப்பையின் வாய்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு ஒரு பிள்ளைப்பேறு

முந்தின வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி, வேடசந்தூரிலிருந்து சித்தி மகள் போன் பண்ணினாள். வயசு 31. கல்யாணம் ஆகி மூணு வருஷம், குழந்தை இல்லை. பயாப்ஸி ரிசல்ட் வந்திருந்தது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்.

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அக்கா, அம்மா உசுரு இருந்தாப் போதும், கர்ப்பப்பைய எடுத்துருங்கன்னு சொல்றாங்க. அத்தை வாயத் தொறக்கவே மாட்டேங்குறாங்க. எனக்கு உசுரா, புள்ளையான்னு ரெண்டுல ஒண்ணுதானா?"

நான் டாக்டர் இல்லை. படித்துப் பார்த்துப் புரிந்ததை எழுதி வைக்கிற பழக்கம் மட்டும் உண்டு. அன்றைக்கு அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் படித்ததும், டாக்டர்களிடம் அவளோடு உட்கார்ந்து கேட்டதும் தான் இந்தக் கட்டுரை. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில், அந்த வாய் என்ன வேலை செய்கிறது?

நம்ம பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பை அந்தப் பை. பையின் அடியில், யோனிப் பக்கம் திறக்கிற கழுத்துதான் கர்ப்பப்பை வாய். நீளம் சுமார் 3 சென்டிமீட்டர், கட்டைவிரலின் மேல்பாதி அளவு. இந்தச் சின்னக் கழுத்துக்குக் கர்ப்ப காலத்தில் இரண்டு வேலை.

ஒன்று, தாங்குவது. குழந்தையும் பனிக்குட நீரும் நஞ்சும் சேர்ந்து மாசத்துக்கு மாசம் எடை கூடிக்கொண்டே போகும். அத்தனையையும் ஒன்பது மாதம் இறுக்கி மூடி வைப்பது அந்தக் கழுத்துதான். பிரசவ நேரத்தில் அதுவே இளகி, சுருங்கி, 10 சென்டிமீட்டர் வரை விரிந்து கொடுக்கிறது.

இரண்டு, காப்பது. அதிலுள்ள சுரப்பிகள் கெட்டியான சளியைச் சுரந்து வாயை அடைத்து வைக்கும். யோனியிலுள்ள கிருமிகள் மேலே ஏறிப் பனிக்குடத்தைத் தொடாமல் தடுப்பது அந்தச் சளி அடைப்பு.

இதை மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். இனப்பெருக்க உறுப்பில் புற்றுநோய் அறுவை என்றாலே எல்லாம் ஒரே மாதிரி ஆபத்து என்று இல்லை. உதாரணத்துக்கு, இளம்பெண்களுக்கு வரும் சில வகைச் சூலகக் கட்டிகளில், ஒரு பக்கச் சூலகத்தை மட்டும் எடுத்துவிட்டு இன்னொன்றையும் கர்ப்பப்பையையும் விட்டுவிடுவார்கள். பையின் வாய் அப்படியே இருப்பதால், பின்னால் வரும் கர்ப்பம் பெரும்பாலும் மற்றவர்களுடையது போலத்தான் போகும். கர்ப்பப்பை வாயில் கத்தி வைக்கும்போது கணக்கே வேறு.

மில்லிமீட்டர் கணக்கு

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உலகம் முழுக்க 'ஃபிகோ' என்ற ஒரே ஸ்டேஜ் முறையைப் பயன்படுத்துகிறார்கள். 2018-இல் அதைத் திருத்தினார்கள். அதன்படி, நோய் உள்ளே இறங்கிய ஆழம் 3 மில்லிமீட்டர் வரை என்றால் ஸ்டேஜ் 1ஏ1. 3-லிருந்து 5 வரை 1ஏ2. 5-க்கு மேல் இறங்கியிருந்து, கட்டி 2 சென்டிமீட்டருக்குள் என்றால் 1பி1. 2-லிருந்து 4 சென்டிமீட்டர் வரை 1பி2. அதற்கும் மேல் 1பி3.

இதற்கெல்லாம் முந்தின கட்டம் ஒன்று உண்டு. எச்பிவி வைரஸால் திசு மாறத் தொடங்கியிருக்கும், ஆனால் இன்னும் புற்றுநோய் ஆகியிருக்காது. அங்கிருந்து புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பல வருஷம் பிடிக்கும். இனி ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

புற்றுக்கு முந்தின கட்டத்தில், உறைய வைக்கும் கருவியால் மேல்தோலைச் சில மில்லிமீட்டர் அழித்தாலே போதும். பின்னால் வரும் கர்ப்பத்துக்குப் பெரிய பாதிப்பு இல்லை.

மாறிய திசு உள்ளே இறங்கியிருந்தால் கூம்பு வடிவத்தில் வெட்டி எடுப்பார்கள். ரத்தக் குழாய், நிணநீர்க் குழாய்களில் பரவாத 1ஏ1 புற்றுநோய்க்கும் இதுவே போதும். ஆனால் இங்கிருந்தே கர்ப்பத்தின் கணக்கு மாறத் தொடங்குகிறது. 2016-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று, இப்படி வெட்டியோ அழித்தோ சிகிச்சை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் குறைமாசப் பிரசவத்தை ஒப்பிட்டது. எடுத்தவர்களில் 10.7 சதவீதம், எடுக்காதவர்களில் 5.4. வெட்டின ஆழம் கூடக் கூட ஆபத்தும் கூடியது.

1ஏ2, 1பி1 கட்டத்தில் கழுத்தின் பெரும்பகுதியையும், பக்கத்துத் தாங்கு திசுக்களையும், யோனியின் மேல் விளிம்பையும் எடுக்க வேண்டிவரலாம். பழைய முறைப்படி என்றால் கர்ப்பப்பையும் சேர்ந்து போய்விடும். 1898-இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்தைம் தொடங்கிவைத்த பெரிய அறுவையின் வழி அது.

கட்டி பெரிதாகி 4 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால், வழக்கமான சிகிச்சை கதிர்வீச்சும் கீமோவும். சூலகம், கர்ப்பப்பை இரண்டும் கதிரில் பட்டுப்போகும். அதற்குப் பிறகு கர்ப்பம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

லியோனில் ஒருவர் கேட்ட கேள்வி

நோய் இருப்பது கழுத்தில். பை நல்லா இருக்கிறது. பையை ஏன் எடுக்கணும்? பிரான்சில் லியோன் நகரத்து டேனியல் தர்ஜோன் என்ற அறுவை நிபுணர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, 1987-இல் ஒரு புது அறுவையைச் செய்யத் தொடங்கினார். கழுத்தையும் சுற்றுத் திசுக்களையும் மட்டும் யோனி வழியாக எடுத்துவிட்டு, கர்ப்பப்பையின் உடலைக் கொண்டுவந்து யோனியோடு நேராகத் தைத்துவிடுவது. பெயர் ரேடிக்கல் டிராக்கிலெக்டமி. 1994-இல் அதை வெளியிட்டார். 1997-இல் லண்டன், புடாபெஸ்ட் மருத்துவர்கள் வயிற்று வழியாகவும் இதைச் செய்து காட்டினார்கள்.

முதலில் பலரும் நம்பவில்லை. நோய் திரும்ப வந்தால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் இத்தனை வருஷத்துக் கணக்கில், 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டிகளுக்கு நோய் திரும்புவது சுமார் 5 சதவீதத்துக்குள்தான். கர்ப்பப்பையை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் இந்த உத்தரவாதம் தளர்ந்துவிடுகிறது.

என் சித்தி மகளுக்கு எம்ஆர்ஐயில் 1.4 சென்டிமீட்டர் என்று வந்தது. "உசுரா புள்ளையா" என்ற கேள்விக்கு அந்த எண்தான் பதில் சொன்னது. அந்த அளவில் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகணும் என்று இல்லை. ஆனால் டாக்டர் முன்னாடியே ஒன்றைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். அறுவை நடக்கும்போதே வெட்டின விளிம்பையும் நிணநீர்க் கணுக்களையும் சோதிப்பார்கள். அதில் நோய் இருந்தால் திட்டம் மாறும், கர்ப்பப்பையைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். மயக்கம் தெளியும்போது எந்தச் செய்தி காத்திருக்கும் என்று தெரியாமல்தான் அவள் உள்ளே போனாள்.

நல்லபடியாக முடிந்தது.

அப்புறம் ஏன் ஹை ரிஸ்க்?

இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "ஆபரேஷன் முடிஞ்சுது, நோய் போச்சு, இனிமே எல்லாரையும் மாதிரிதான்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நோயைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. கர்ப்பத்தைப் பொறுத்தவரை சரி இல்லை. சுருக்குப்பைக்கு இப்போது கழுத்து இல்லை. முடிந்தால் மேல்பக்கம் ஒரு சென்டிமீட்டர் அளவு விட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

முதல் சிக்கல், கரு நிற்பதே தாமதமாகலாம். தைத்த இடம் சுருங்கித் தழும்பாகி வாய் அடைத்துக்கொள்ளும். சளி சுரக்கும் சுரப்பிகளும் போய்விட்டதால் விந்து மேலே ஏறச் சிரமம். சிலருக்கு ஐயூஐ, ஐவிஎஃப் தேவைப்படும். அறுவைக்கு அப்புறம் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை காத்திருக்கவும் சொல்வார்கள்.

முதல் மூன்று மாதத்தில் கலைவது மற்றவர்களுக்கு ஆகிற அளவுதான் ஆகிறது. வித்தியாசம் அதற்கப்புறம். நாலாம், அஞ்சாம், ஆறாம் மாதத்தில் இழப்பது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. குறைமாசப் பிரசவம் உலகம் முழுக்கப் பத்தில் ஒருவருக்கு நடக்கிறது. இவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, சில மருத்துவமனைகளின் கணக்கில் அதற்கும் மேல்.

காரணம் கனம் மட்டும் என்று நானும் முதலில் நினைத்தேன். கிருமியும் அதே அளவு காரணம். சளி அடைப்பு இல்லாததால் கிருமி மேலே ஏறிப் பனிக்குடச் சவ்வை அழற்றும், சவ்வு பலவீனமாகி உடையும். வலியே இல்லாமல் நீர் போகும். "கொஞ்சம் ஈரமாத்தானே இருக்கு, காலைல பாத்துக்கலாம்" என்று விட்டால் அந்த ஒரு ராத்திரி பெரிய விலை வாங்கிவிடலாம்.

ஒரு இந்தியரின் தையல்

கழுத்து போன பையைக் கட்டி வைக்க என்ன வழி? சுருக்குப்பைக்கு வாரைக் கோத்து இழுப்பது போலத்தான். கர்ப்பப்பை வாயைச் சுற்றித் தையல் போட்டு இறுக்கும் முறையை 1955-இல் மருத்துவ உலகுக்குச் சொன்னவர், பம்பாயில் பணியாற்றிய கோவாக்காரர் விட்டல் நாகேஷ் ஷிரோத்கர். தொடையிலுள்ள தசையுறைப் பட்டையில் ஒரு துண்டை எடுத்தே அவர் அந்த வாரைச் செய்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதற்கு ஷிரோத்கர் தையல் என்றே பெயர். 1957-இல் ஆஸ்திரேலியாவின் இயன் மெக்டொனால்ட் இன்னும் எளிய வடிவம் ஒன்றைக் கொடுத்தார். அவர்கள் இருவரும் நினைத்தது அடிக்கடி கரு கலைகிற பெண்களை. அதே யோசனைதான் முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோய் அறுவைக்கும் கைகொடுத்தது. டிராக்கிலெக்டமி செய்யும்போதே கர்ப்பப்பையின் அடியில் கரையாத நூலால் நிரந்தரத் தையல் ஒன்றைப் பெரும்பாலும் போட்டுவிடுகிறார்கள்.

நிரந்தரத் தையலுக்கு இரண்டு விளைவு. பிரசவம் சிசேரியன்தான், வேறு பேச்சில்லை. கர்ப்பப்பையில் சில சமயம் வழக்கத்தைவிட மேலே வெட்ட வேண்டியிருக்கும், அது அடுத்த கர்ப்பத்துக்கும் ஒரு எச்சரிக்கை. இரண்டாவது, யாரும் பேச விரும்பாதது. நடு மாதங்களில் குழந்தை இறந்துபோனால் அது கீழ் வழியாக வெளியே வர முடியாது. வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டிவரலாம். இதையெல்லாம் முன்னாடியே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. பயமுறுத்துவதற்காக இல்லை. தெரிந்து எடுத்த முடிவு என்றால், எது நடந்தாலும் "என்னாலதான்" என்று ஒரு பெண் தன்னைத்தானே தின்றுகொள்ள மாட்டாள்.

அவளுக்கு டாக்டர் கொடுத்த அட்டவணை இது. 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மீதிக் கழுத்தின் நீளத்தை ஸ்கேனில் அளப்பது. சிறுநீர், யோனித் தொற்று இருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பது. தாம்பத்தியம் வேண்டாம், கனம் தூக்க வேண்டாம். ரத்தம் பட்டாலோ நீர் போனாலோ உடனே வர வேண்டும். தைத்த இடத்தில் ரத்தக் குழாய்கள் புடைத்துச் சிலருக்கு ரத்தப்போக்கு வரும் என்பதால் அதையும் அலட்சியம் செய்யக் கூடாது. முன்கூட்டியே பிறக்கும் போலிருந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில்தான் பிரசவம்.

கடைசி வரி எங்க ஊர்ப்பக்கம் லேசானது இல்லை. வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல், திண்டுக்கல்லிலிருந்து மதுரை அறுபது கிலோமீட்டருக்கு மேல். "வலி வந்ததும் கிளம்பலாம்" என்பது இவர்களுக்குப் பொருந்தாது. 24 வாரம் ஆனதும் அவள் மதுரையில் அவங்க பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

லியோனிலிருந்து அம்பிளிக்கைக்கு

இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் எங்க மாவட்டத்தின் பெயர் ஒரு ஆய்வில் கண்ணில் பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இருப்பதும் அதே லியோன் நகரில்தான். அந்த முகமையின் மருத்துவர் சங்கரநாராயணனும், ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்திலுள்ள அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையத்தின் மருத்துவர்களும் சேர்ந்து, 2000-இல் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள். 114 பகுதிகளைக் குலுக்கல் முறையில் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். 57 பகுதிகளில் பரிசோதனை, மற்ற 57-இல் வழக்கமாக இருந்த வசதி மட்டும்.

பரிசோதனை என்றால் பெரிய மெஷின் இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸ், வினிகரிலுள்ள அதே அசிட்டிக் அமிலத்தை 4 சதவீதக் கரைசலாக்கிக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார். மாறிய திசு இருந்தால் அந்த இடம் வெள்ளையாகும். தேவைப்பட்டவர்களுக்கு நர்ஸ்களே உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். 31,343 பெண்கள் வந்து பரிசோதித்துக்கொண்டார்கள்.

2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஒரே ஒரு முறை பார்த்ததற்கே, பரிசோதனை நடந்த பகுதிகளில் புதிதாக நோய் வருவது 25 சதவீதமும், இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தது. பலன் அதிகம் தெரிந்தது 30-லிருந்து 39 வயதுக்காரர்களிடம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். பரிசோதனை இல்லாத பகுதிகளில் 92 பெண்கள் இந்த நோயால் இறந்தார்கள். பாப் ஸ்மியர் பலன் தரும் என்று உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது, பாதிப் பெண்களுக்கு எதுவும் செய்யாமல் விட்டது சரியா என்று இந்தியாவில் நடந்த இத்தகைய சோதனைகள் மேல் கடுமையான கேள்வி எழுந்தது. அப்போது இங்கே யாருக்குமே பரிசோதனை இல்லையே என்பது மறுபக்க வாதம். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்கள் எங்க ஊர்ச் சந்தையில் காய் விற்றவர்கள், நூற்பாலைக்குப் போனவர்கள். அவர்கள் மூலமாகக் கிடைத்த அறிவை நாமே பயன்படுத்தாமல் விடுவது அதைவிடப் பெரிய தப்பு.

விட்டிருக்கிறோமா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30-லிருந்து 49 வயதுப் பெண்களில் எப்போதாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்தியா முழுக்க 1.9. நாம் முன்னால் நிற்கிறோம், சந்தோஷம். ஆனால் பத்தில் ஒன்பது பேர் இன்னும் போகவில்லை.

என் சித்தி மகளும் அந்த ஒன்பதில் ஒருத்திதான். உறவுக்குப் பின் ரத்தம் படுவது எட்டு மாசமாக இருந்திருக்கிறது. "அத யார்கிட்டக்கா போய்ச் சொல்றது?" என்றாள். அவளுக்கு அந்தப் பரிசோதனை இன்னும் சில வருஷம் முன்னால் நடந்திருந்தால் சில மில்லிமீட்டரோடு போயிருக்கலாம். இன்னும் கொஞ்ச மாசம் கழித்து நடந்திருந்தால் பையே போயிருக்கும். எப்போது பார்க்கிறோம் என்பது எவ்வளவு வெட்டுகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. எவ்வளவு வெட்டினோம் என்பது அடுத்த கர்ப்பத்தைத் தீர்மானிக்கிறது. நான் படித்ததன் சாரம் இவ்வளவுதான்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு

இதைப் படிப்பவர்களில் அப்படி யாராவது இருக்கலாம். சூலகம் நல்ல நிலையில் இருந்தால் சொந்தக் கருமுட்டையே உண்டு. 2021 வாடகைத் தாய்ச் சட்டமும் 2022 விதிகளும், புற்றுநோயால் கர்ப்பப்பை எடுக்கப்பட்டதை ஒரு மருத்துவக் காரணமாகப் பெயர் சொல்லியே ஏற்கின்றன. திருமணமான தம்பதியில் மனைவிக்கு 23 முதல் 50, கணவருக்கு 26 முதல் 55 வயது இருக்க வேண்டும். பணத்துக்காக அல்லாமல், ஏற்கெனவே குழந்தை பெற்ற ஒரு பெண் சம்மதித்துச் சுமக்க வேண்டும். எளிதான வழி இல்லை, ஆனால் வழி உண்டு.

சிகிச்சை தொடங்கப் போகிறவர்கள் கேட்க வேண்டியது நாலே கேள்வி. கட்டி எத்தனை மில்லிமீட்டர்? எவ்வளவு கழுத்து மிஞ்சும்? தையல் இப்போதே போடுவீர்களா? கதிர்வீச்சு வேண்டிவந்தால் அதற்கு முன் கருமுட்டையைச் சேமிக்க நேரம் இருக்கிறதா? கூச்சப்படாமல், அறுவைக்கு முன்னாடியே கேளுங்கள். அப்புறம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

அவளுக்கு நேற்றோடு 29 வாரம் முடிந்தது. ஸ்டீராய்டு ஊசி போட்டாகிவிட்டது. இன்னும் நாலு வாரம் தாண்டினால் நிம்மதி என்கிறார் டாக்டர். அவள் வாரக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை, காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வருகிறாள். வாயே திறக்காத அவள் அத்தை, போன வாரம் தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார். மகளுக்கு வயசு 36. நர்ஸ் பார்த்துவிட்டு ஒண்ணுமில்லை என்று அனுப்பினாராம். "அஞ்சு நிமிஷம்கூட ஆகலடி, இதுக்கா இத்தன நாள் பயந்தோம்" என்று போனில் சொன்னாராம்.